முன்னால் போகும் டிரம்பெட்

ஊதினால் என்ன குடி முழுகிப் போயிற்று? அதை முதலில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள். இருபத்தாறு வருஷம் ஈர விறகை வைத்துக்கொண்டு அடுப்பை ஊதினாளே மாரியம்மா, கண் சிவந்து மூக்கு ஒழுக ஊதினாளே, அப்போது ஒரு வாயாவது "பொம்பள ஊதக் கூடாது" என்று சொல்லியதா? அதே வாய்தான், அதே மூச்சுதான். அடுப்பு இருந்த இடத்தில் ஒரு டிரம்பெட் வந்ததும், குப்பத்துக் குழாயடியில் தண்ணீர் வருகிறதோ இல்லையோ, பேச்சு மட்டும் நிற்காமல் வருகிறது.

"தாலி அறுத்தவளுக்கு இன்னா கச்சேரி வேண்டிக்கெடக்குது?" என்கிறார்கள். "பேண்ட் செட்டு ஆம்பளைங்களோட கோட்டு மாட்டிகினு ஊர் சுத்தப் போறாளாம்" என்கிறார்கள். பெற்ற பெண்ணின் கல்யாணத்தைக் கெடுக்கத்தான் ஊதுகிறாள் என்றுகூட ஒருத்தி சொன்னாள். சொன்னவள் வேறு யாரும் இல்லை, செத்துப்போன புருஷனின் சொந்த அக்கா பச்சையம்மாதான். சொல்லட்டும். ஆனால் அந்த டிரம்பெட் எதற்காக வந்தது, அதை மாரியம்மா எப்படிப் பார்த்து எடுத்தாள் என்பது தெரியாமல் பேசக் கூடாது. தெரிந்துகொண்டு அப்புறம் பேசுங்கள்.

மாமல்லபுரத்துக்கு வடக்கே கடலோரக் குப்பத்தில் இருக்கிறவள் மாரியம்மா. புருஷன் தணிகைவேல் மஞ்சள் காமாலையில் போய் ஆறு வருஷம் ஆகிறது. விடிவதற்குள் கரையில் ஏலம் எடுத்து, கூடையோடு ஷேர் ஆட்டோ பிடித்து, செங்கல்பட்டில் தெருத்தெருவாக மீன் விற்பாள். ஒரே பெண் பிரியங்கா. அவளைப் படிக்கவைத்தாள். இப்போது சிறுசேரியில் ஒரு கம்பெனியில் வேலை. காலையில் கேப் வந்து கூட்டிப்போகும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். மீன் கூடையிலிருந்து கேப் வரைக்கும் வந்த வழி முழுவதும் மாரியம்மா நடந்த வழி.

சித்திரை கடைசியில் பிரியங்காவுக்கு நிச்சயம் நடந்தது. மாப்பிள்ளை கலையரசன் திருப்போரூர்ப் பையன், சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். நல்ல பையன். அறுபது பேருக்கு மாரியம்மாவே நின்று சமைத்தாள். புடவை எடுத்தது அவள், பூ சொன்னது அவள். தட்டு மாற்றுகிற நேரம் வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். பச்சையம்மா முழங்கையால் ஒரு தள்ளுத் தள்ளினாள்.

"ஏ, நீ இன்னாடி இங்க? நல்ல காரியம் நடக்குது. உள்ள போய் நில்லு."

பச்சையம்மாவும் அவள் புருஷனும் தட்டை மாற்றிக்கொடுத்தார்கள். மாரியம்மா சமையலறைக் கதவுச் சந்து வழியாகப் பார்த்தாள். மகளின் பிடரியும் பூவும் தெரிந்தன, முகம் தெரியவில்லை.

வந்தவர்கள் போன பிறகு ஆவணியில் கல்யாணம், முந்தின நாள் சாயங்காலம் பெண் அழைப்பு என்று பேசி முடித்தார்கள். வீட்டிலிருந்து பெண்ணை ஊர்வலமாகக் கன்னியம்மன் கோயில் வரை நடத்திப்போய், அங்கிருந்து வேனில் ஏற்றித் திருப்போரூர் மண்டபத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். பச்சையம்மா வெற்றிலையை மென்றுகொண்டே வரிசை சொன்னாள்.

"பொண்ணு வாசல் தாண்டறப்ப நீ எதிர்ல வந்துடாதே மாரி. சகுனம். எல்லாரும் போனப்புறம் பின்னால வர்ற வேன்ல குந்திகினு வா."

"அப்ப முன்னால யாரு அண்ணி போறது?"

"இது இன்னா கேள்வி? முன்னால பேண்ட் செட்டு போவும். அதுக்குப் பின்னால வெளக்கு, தட்டு. அப்புறம் பொண்ணு."

அந்தப் பேச்சு மாரியம்மாவின் காதில் முள்ளாகத் தைத்தது. முன்னால் பேண்ட் செட்டு போகும். ஊதுகிறவனுக்குப் பெண்டாட்டி இருக்கிறாளா, செத்தாளா, ஓடிப்போனாளா என்று எந்தக் கல்யாண வீட்டிலும் கேட்டதில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு வாத்தியத்தை எடுத்தவன் மாப்பிள்ளைக்கும் முன்னால், சாமிக்கும் முன்னால் போகிறான். அவனைச் சகுனம் என்று நிறுத்தியவர்கள் இல்லை.

அன்று ராத்திரி தூங்கினாளோ இல்லையோ, மறுநாள் கூடையோடு செங்கல்பட்டு ஏரிக்கரைத் தெருவில் பெஞ்சமின் வீட்டு வாசலில் நின்றாள். பெஞ்சமினுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பேண்ட் செட்டு வைத்திருக்கிறவன், வாரத்தில் மூன்று நாள் அவளிடம் சங்கரா மீன் வாங்குகிறவன். பிரியங்காவின் கல்யாணத்துக்கும் அவனைத்தான் சொல்வதாக இருந்தது.

"தம்பி, எனக்கு ஊதக் கத்துக்குடு. ஆவணிக்குள்ள."

"இன்னாத்துக்கு ஊதணும்? வெறும் வாயில நீ கூவுனாலே மூணு தெரு எழுந்துக்குது."

"வெளையாடாத. எம்பொண்ணு கல்யாணத்துல நான் முன்னால போவணும்."

பெஞ்சமினுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டான். அவன் தாயும் புருஷனை இழந்தவள்தான்.

"யக்கா, முன்னால போனா பொண்ணு மொகம் உனக்குத் தெரியாதே."

"பின்னால நின்னப்ப மட்டும் தெரிஞ்சுதா? அவ என்னப் பாக்கட்டும்."

உள்ளே போய் மவுத்பீஸை மட்டும் எடுத்துவந்தான். டிரம்பெட்டின் முனையில் செருகி வாய் வைக்கிற சின்னக் கிண்ணம் அது. மாரியம்மா கன்னத்தை உப்பி, அடுப்பை ஊதுகிறாற்போல் ஊதினாள். வெறும் காற்றுதான் போயிற்று.

"ஊதாத யக்கா. உதட்டுல மீன் செதிலு ஒட்டிகிச்சுன்னா எப்டித் துப்புவ? கை ரெண்டும் வேலையா கீது, தொடைக்க முடியாது. அப்ப எப்டித் துப்புவ?"

அது அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய வித்தையா? உதட்டை இறுக்கித் துப்பினாள். கிண்ணம் ஆட்டுக்குட்டி மாதிரி கத்தியது. தெருக்கோடியில் ஒரு நாய் எழுந்து நின்றது.

"வாத்தியம் நீதான் வாங்கணும்" என்றான் பெஞ்சமின். "என்னுதக் கேக்காத. பல்லு தேய்க்கிற பிரஷ்ஷ யாராச்சும் எரவல் குடுப்பாங்களா?"

டிரம்பெட் எங்கே கிடைக்கும் என்று அவளுக்கு என்ன தெரியும்? மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர்கள் சாமான் வாங்குகிற தெருவில், அருணகிரியின் கடைக் கண்ணாடிக்குள் பித்தளையில் ஒன்று தகதகவென்று தொங்குவதை நாளும் பார்த்திருக்கிறாள். நேராக அங்கேதான் போனாள். கையில் வாங்கி, மேலே இருந்த மூன்று பொத்தான்களை அழுத்தினாள். அசையவில்லை. இன்னும் பலமாக அழுத்தினாள்.

"யம்மா, யம்மா! அது அமுங்காது. செவுத்துல மாட்டறதும்மா, ஷோவுக்கு" என்று பதறினான் அருணகிரி.

"மூச்சு வுட முடியாதத்துக்கு மூக்கு இன்னாத்துக்கு?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

பிறகு பெஞ்சமின்தான் ஷேக் தாவூத் கடையைச் சொன்னான். செங்கல்பட்டுக் கடைத்தெருவில் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் ஷேக் தாவூத். ஈயம் பூசுகிற கை பேண்ட் வாத்தியங்களையும் பற்றவைக்கும். யாராவது விற்றுவிட்டுப் போன பழைய வாத்தியங்களும் அவரிடம் இருக்கும். "பளபளப்பப் பாத்து ஏமாந்துடாத யக்கா, புதுசா கத்துக்கறவங்க எல்லாம் அதுலதான் வுழுவாங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினான். கூட வரவில்லை. அவனுக்கு அன்று ஒரு சாவு வீடு.

ஷேக் தாவூத் மூன்று டிரம்பெட்டுகளை எடுத்துப் பலகையில் வைத்தார். ஒன்று தங்கமாக மின்னியது, நேற்றுச் செய்ததுபோல. ஒன்று வெள்ளி நிறம். மூன்றாவது மங்கிப்போய், வாய் விரிகிற இடத்தில் நசுங்கி, அடிபட்ட சொம்பு மாதிரி கிடந்தது.

"இத எடுத்துக்கம்மா" என்று தங்கத்தைத் தள்ளினார். "கல்யாணத்துல பிடிச்சா மூஞ்சி தெரியும் இதுல."

"மூஞ்சி பாக்க வூட்டுல கண்ணாடி கீது பாய்."

அவளுக்கு வாத்தியம் தெரியாது, மீன் தெரியும். மீனை விரலால் அமுக்கினால் சதை உடனே எழும்ப வேண்டும். பள்ளம் அப்படியே நின்றால் அது நேற்றைய மீன். தங்க டிரம்பெட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாக அமுக்கினாள். முதலாவது எழுந்தது. நடுப்பொத்தான் யோசித்து யோசித்து எழுந்தது. திரும்ப அமுக்கினாள், திரும்பவும் யோசித்தது.

"இது ஐஸ்ல வெச்ச மீனு" என்று ஒதுக்கினாள்.

வெள்ளியின் பொத்தான்கள் நன்றாகத்தான் எழுந்தன. மவுத்பீஸ் செருகுகிற குழாயில் மூக்கை வைத்து முகர்ந்தாள். ஷேக் தாவூத் வாயைப் பிளந்து பார்த்தார். ஐம்பது வருஷமாகக் கடை வைத்திருக்கிறார். வாத்தியத்தை முகர்ந்து பார்த்தவளை இப்போதுதான் பார்க்கிறார்.

"உள்ள அழுவிப் போயிகீது பாய்."

அவர் வாங்கிக் குழாய்க்குள் வெளிச்சம் பிடித்துப் பார்த்தார். உள்ளே பித்தளை அரித்துச் சிவப்பாகப் பொரிந்திருந்தது. அதை மேலே தூக்கி வைத்துவிட்டார்.

மூன்றாவதை எடுத்தாள். மூன்று பொத்தான்களும் விரலைத் துரத்திக்கொண்டு எழுந்தன. முகர்ந்தால் எண்ணெய் வாசனை மட்டும்தான்.

"அது நசுங்கினதும்மா" என்றார் அவர், கொஞ்சம் வெட்கத்தோடு.

"வாலுல அடிபட்ட மீன யாரும் கடல்ல கொட்ட மாட்டாங்க பாய். வயிறு நல்லா கீதா, அது போதும்."

விலை பேசியதைச் சொல்ல வேண்டியதில்லை. மீன்காரியிடம் பேரம் பேசி ஜெயித்தவன் இன்னும் பிறக்கவில்லை. அவள் படியிறங்கும்போது ஷேக் தாவூத் சொன்னார்: "நல்ல வாத்தியம் நசுங்கினதுதாம்மா. அடி கடைசி விரிப்புலதான் பட்டுகீது, சத்தத்துக்கு ஒண்ணும் ஆவாது. நானே சொல்லணும்னு இருந்தேன்." சொல்லணும் என்று இருந்தாராம்! மாரியம்மா சிரித்துக்கொண்டே டிரம்பெட்டைக் கூடையில் வைத்து, மேலே வாழையிலையை மூடினாள்.

அதற்கப்புறம் மீன் விற்று வந்த சாயங்காலங்களில், கடலைப் பார்த்து நின்று ஊதினாள். ஒளிந்து ஊதவில்லை. வலை பின்னுகிறவர்கள் இருந்தார்கள், படகு தள்ளுகிறவர்கள் இருந்தார்கள்.

"இன்னா மாரியம்மா, சங்கு ஊதற? யாரு பூட்டாங்க?"

"இன்னும் யாரும் போவல. நீ இப்டியே பேசிகினு இரு, உனக்கே ஊதறேன்."

முதல் மாதம் எருமைக் கன்று மாதிரிதான் கத்தியது. உதடு வீங்கிக் காரக் குழம்பு சாப்பிட முடியவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் பெஞ்சமின் வீட்டு வாசலில் கூடையை இறக்கிவைத்துப் பாடம் கேட்டாள். பெண் அழைப்புக்கு வாசிக்கிற ஒரே ஒரு மெட்டு. மற்றவர்கள் வளைந்து நெளிந்து ஓட, இவள் நீட்டிப் பிடிக்க வேண்டியது நாலு வரி. ஆடி பிறப்பதற்குள் நாலு வரியும் வந்துவிட்டது. பெஞ்சமின் ஒரு சிவப்புக் கோட்டை அளவெடுத்துப் பிடித்துத் தைக்கக் கொடுத்தான். அப்படியென்றால் ஆளாகச் சேர்த்துக்கொண்டான் என்று அர்த்தம்.

ஊர் பேசியது அவளைத் தொடவில்லை. தொட்டது ஒன்றே ஒன்று. ஒருநாள் கேப்பிலிருந்து இறங்கி வந்த பிரியங்கா, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்:

"ம்மா, அவங்க வூட்டுல இன்னா நெனைப்பாங்க? அத்த சொல்றாப்புல பின்னால வந்துடேன். எனக்காக."

"உனக்காகத்தான்டி ஊதறேன்" என்றாள் மாரியம்மா. மகள் உள்ளே போய்விட்டாள். அன்று கடற்கரைக்குப் போன மாரியம்மா ஒரு வரிகூட ஊதாமல் திரும்பி வந்தாள்.

கல்யாணத்துக்கு ஆறு நாள் இருந்தது. சீர்ப் பாத்திரங்களை வாசலில் பரப்பி, புளியும் சாம்பலும் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார்கள். குத்துவிளக்கு, தாம்பாளம், குடம் எல்லாம் பொன்னாகிவிட்டன. பக்கத்தில் மங்கிப்போன டிரம்பெட். பித்தளை என்றால் பித்தளைதானே? மகள் கல்யாணத்துக்கு இது மட்டும் கறுப்பாகப் போவதா? மாரியம்மா அதையும் எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தாள். பொத்தான்களைத் திருகி, உள்ளே இருந்த மூன்று குழல்களையும் உருவிக் கழுவினாள், துடைத்தாள், திரும்பப் போட்டாள். நசுங்கின இடம் தவிர மற்றதெல்லாம் புதுசாக மின்னியது.

வாயில் வைத்தாள். சத்தம் இல்லை. உதட்டை இறுக்கினாள். கன்னம் வெடிக்கிற அளவு காற்றைத் தள்ளினாள். காற்று போகவே இல்லை. சுவரில் ஊதுவதுபோல் திரும்பி வந்து அவள் தொண்டையிலேயே நின்றது.

தாம்பாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்த பச்சையம்மா நிமிர்ந்தாள்.

"பாத்துகினியா? வாத்தியமே வாய மூடிகிச்சு. மனுசங்க சொன்னா கேக்கல, இப்ப ஆத்தாளே சொல்லிட்டா. நல்ல காரியத்துக்கு உன் மூச்சு ஆவாதுடி."

நாற்பத்தேழு வயதில் யாருடைய வாயையும் அடைத்துவிடக்கூடிய மாரியம்மாவுக்கு அன்று வாய் அடைத்துப்போயிற்று. அவள் நம்பாத பேச்சுதான். ஆனால் காற்று போகவில்லையே. கண்ணுக்கு எதிரே நடந்ததை எப்படி இல்லையென்பது? டிரம்பெட்டைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். புளிக் கையைக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை அதைக் குனிந்து எடுத்தது பிரியங்கா.

"எழுந்துரும்மா. வண்டி எடுக்கறேன்."

"எங்க?"

"செங்கல்பட்டுக்கு. மிக்சி ஓடலன்னா மெக்கானிக்கதான பாப்பாங்க? ஆத்தாளயா கேப்பாங்க?"

ஷேக் தாவூத் டிரம்பெட்டை வாங்கினார். முகர்ந்தார். இப்போது அவர் முறை.

"புளி போட்டியா? ஏம்மா, இது இன்னா சொம்பா? உள்ள எல்லாம் நறநறன்னுகீது!"

திட்டிக்கொண்டே பொத்தான்களை உருவினார். உருவியவர் திட்டுவதை நிறுத்திவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். குழல் ஒவ்வொன்றிலும் பொடியாக ஓர் எண் வெட்டியிருந்தது. அழுக்கு ஏறி, கண்ணுக்குத் தெரியாத அளவு. நகத்தால் சுரண்டிக் காட்டினார்.

"பாரு, ஒண்ணாம் நம்பரு மூணாவது வூட்டுல குடியிருக்குது. மூணாம் நம்பரு ஒண்ணாவது வூட்டுல. இதுங்களுக்கு ஓட்டை அங்கங்க வேற வேற எடத்துல. வூடு மாறினா ஓட்டைக்கு எதிர்ல செவுரு வந்துடும். காத்து எப்டிப் போவும்?"

"அவ்ளோதானா பாய்?" என்று கேட்டாள் பிரியங்கா.

"அவ்ளோதான். புதுசா கத்துக்கறவங்க எல்லாரும் ஒருவாட்டி இத செய்வாங்க. புளி மட்டும் உங்கம்மா சொந்தமா கண்டுபுடிச்சது."

கழுவி, எண்ணெய் விட்டு, அதது வீட்டில் அதது குடியேறியது. மாரியம்மா கடை வாசலிலேயே நின்று ஊதினாள். எதிர்க்கடையில் நாஸ்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். நாலு வரியையும் ஊதினாள். அம்மா ஊதி முழுசாகக் கேட்பது பிரியங்காவுக்கு அதுதான் முதல் தடவை. வீடு திரும்பும் வழியில் திருக்கழுக்குன்றம் தாண்டியாயிற்று. பிரியங்கா வண்டியை ஓட்டிக்கொண்டே சொன்னாள்:

"அவங்க வூட்டுல நானே சொல்லிட்டேன். நேத்து நைட்டு போன் பண்ணேன்."

"இன்னான்னு?"

"எங்கம்மா பேண்ட் செட்டுல வர்றாங்கன்னு. கேக்கல, சொன்னேன். ஆனா ஒண்ணு, அன்னிக்கி மீன் கூடை தூக்கிட்டு வந்து அப்டியே கோட்ட மாட்டிகாத. நாறும்."

"நாறட்டும்டி. அந்த நாத்தத்துலதான் நீ வளந்த."

வண்டியின் பின்னால் உட்கார்ந்திருந்தவள் மகளின் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டாள். கண்ணாடியில் மகள் அதைப் பார்த்தாளா என்பது தெரியாது.

பெண் அழைப்பு அன்று வெயில் தாழ்கிற நேரம். தெருவில் பெஞ்சமினும் ஆறு பேரும் இரண்டு வரிசையாக நின்றார்கள். முன் வரிசையில் ஒரு இடம் காலி. வீட்டுக்குள் விளக்கு ஏற்றியாயிற்று, தட்டுகள் எடுத்தாயிற்று, பிரியங்கா பட்டுப்புடவையில் எழுந்து நின்றாள். பச்சையம்மா வாசலைப் பார்த்து, "யாரும் குறுக்க வராதீங்க!" என்று கத்தினாள்.

சமையலறைக் கதவு திறந்தது. சாயம் போன புடவைக்கு மேல் சிவப்புக் கோட்டு, தோளில் பொன் சரிகை, கையில் டிரம்பெட். கோட்டுப் பொத்தானை இழுத்துப் போட்டுக்கொண்டே மாரியம்மா கூடத்துக்கு வந்தாள்.

பச்சையம்மா வாசலில் கையை நீட்டி மறித்தாள். "எதிர்ல வராதடி! சொன்னா கேளு, எதிர்ல வராத!"

"எதிர்ல வரல அண்ணி" என்றாள் மாரியம்மா. "முன்னால போறேன்."

நீட்டிய கை அப்படியே நின்றது. மாரியம்மா அந்தக் கைக்குக் கீழே குனிந்து போகவில்லை. கை இறங்குகிற வரைக்கும் நின்றாள். இறங்கியது.

டிரம்பெட்டை உதட்டில் வைத்து, ஒட்டின செதிலைத் துப்புகிறாற்போல் உதட்டை இறுக்கி, எல்லாருக்கும் முதல் ஆளாக வாசல்படியைத் தாண்டினாள். முதல் சுரம் கொஞ்சம் உடைந்தது. இரண்டாவது நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை, பேண்ட் செட்டில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. முதுகுக்குப் பின்னால், படியிலிருந்து ஒரு கொலுசு இறங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.